சோக்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் இம்தியாஸ் கடை.
வீட்டில் என்னென்ன ஓடணும் என்றார்.
ஃப்ரிட்ஜ் இல்லை. மோட்டார் வேண்டாம்.
ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன்,
ஒரு மூச்சு என்றேன்.

மூச்சுக்கு எத்தனை வாட் என்று
சிரிக்காமல் கேட்டார்.
ஆக்சிஜன் பெட்டியின் முதுகில் இருந்ததை
செல்போனில் பிடித்துப் போயிருந்தேன்.
முந்நூற்று ஐம்பது.
"கிளம்புறப்ப ரெண்டு பங்கு இழுக்கும்மா.
சின்னது போதும்னு சொல்வாங்க, கேக்காதீங்க."
சத்தம் போடாதது எழுபதாயிரம்.
சத்தம் போடுவது முப்பத்தெட்டு.
குவாரிக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தது
நாற்பது.
கணக்கில் சத்தம்தான் வந்தது.
மிச்சம் டெம்போ வாடகைக்கு.

ஜெகதேவியில் இறக்கியதை எங்கே வைப்பது?
உள்ளே கூடாது. சன்னலோரம் கூடாது.
புகையில் தெரிகிற பாதி கண்ணைத்தான் கரிக்கும்,
தெரியாத பாதி
தூங்குகிறவர்களைத் தேடி வருமாம்.
வேப்பமரம் தாண்டி இருபதடி தள்ளி
சப்பைக் கல் ஒன்று கிடந்தது,
அவர் உடைத்த மலையின் துண்டு.
அதன்மேல் ஏற்றினோம்.

லைன்மேன் சென்னகேசவன்
கைப்பிடி வைத்த சுவிட்சு ஒன்றை மாட்டச் சொன்னான்.
"உங்க கரண்டு பின்னால ஓடி
என் கம்பத்துக்கு வந்துச்சுன்னா
நான் அங்கேயே காயணும்க்கா."
மேலே தள்ளினால் வாரியம்.
கீழே இழுத்தால் நான்.
நடுவில் இரண்டும் இல்லாத ஓரிடம்.
மரத்தடிக்கு ஓடி, கயிறு இழுத்து,
திரும்பி ஓடி வரும்வரை
முனிரத்தினம் அந்த நடுவில் இருப்பார்.
முதல் தடவை ஒன்றே முக்கால் நிமிடம்.
இப்போது நாற்பது நொடி.

கேனில் பெட்ரோல் தரமாட்டான்
பர்கூர் பங்க் பையன். சட்டம் என்கிறான்.
சரி. டிவிஎஸ் வயிறு நிறைய வாங்கி வந்து
குழாய் போட்டு உறிஞ்சுகிறேன்.
வாய்க்குள் ஒரு சொட்டு,
நாளெல்லாம் சாப்பாட்டில் அதே ருசி.
சூடாய் இருக்கையில் ஊற்றாதே.
ஒரு மாதத்துக்கு மேல் தேக்காதே, பிசின் கட்டும்.
கரண்ட் போகாத வாரத்திலும்
ஞாயிறு பத்து நிமிடம் ஓட்டிவிடு.

ஞாயிறு வந்தால்
மதிலுக்கு மேல் கெம்பம்மா தலை:
"கரண்டு இருக்கறப்பவும் எதுக்குடி இந்த இரைச்சல்?"

இருபத்திரண்டு வருடம் கம்ப்ரசர் ஓட்டியவர் அவர்.
கட்டிலில் கிடந்தபடி காதால் பார்ப்பார்.
பேசினால் மூச்சு செலவாகும்; விரல்தான்.
ஒரு விரல், பிளக்கில் கரி.
இரண்டு விரல், ஆயில்.
உள்ளங்கை விரித்தால் ஏர் ஃபில்டர்.
கழற்றி, பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசினேன்.
பக்கெட் சாம்பல் நிறமானது.
பிழிந்து, உலர்த்தி, மாட்டியாயிற்று.
அவர் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழை. ராத்திரி இரண்டு மணி.
ஏழு தடவை இழுத்தும் எழும்பவில்லை.
கை உரிந்தது. எதை மறந்தேன்?
உள்ளே டம்ளர்
கட்டில் கம்பியில் டங் டங் என்றது.
ஓடிவந்து பார்த்தால்
தன் மூக்கைத் தானே
இரண்டு விரலால் பிடித்துக் காட்டுகிறார்.

சோக்.

குளிர்ந்த இன்ஜினுக்கு முதலில்
காற்றை அடைக்க வேண்டும்.
அப்புறம்தான் பிடிக்கும்.
அதைச் சொல்ல அவர் எவ்வளவு செலவழித்தார் என்பது
உதட்டு நீலத்தில் இருந்தது.
எட்டாவது இழுப்பில் பிடித்தது.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது.
பெட்ரோல் குழாயை மூடி
தானாய் அணையட்டும் என்று நின்றேன்.
விக்கி, விக்கி, அணைந்தது.
கெம்பம்மா டார்ச்சோடு ஓடிவந்தாள்,
மாராப்புகூடச் சரியாய்ப் போடாமல்:
"சத்தம் நின்னுபோச்சே! என்னடி ஆச்சு?"
கரண்ட் வந்துருச்சுக்கா என்றேன்.
நம்பாமல் எட்டிப் பார்த்தாள்,
பெட்டியின் பச்சை விளக்கை, பிறகு அவரை.

காலண்டர் தாளின் பின்னால் எழுதினேன்:
ராத்திரி மூன்று மணி நேரம்.
மொத்தம் தொண்ணூற்றெட்டு.
நூறு ஆனால் ஆயில் மாற்றணும்.