நீட்டா வரணும்

நேர்முகத்துக்கு வரச்சொன்ன நகைக்கடைக்காரர்
போனை வைக்குமுன் சொன்னாராம்,
"கொஞ்சம் நீட்டா வரணும்மா."
நீட்டான்னா சுத்தமாவா, நீளமாவா
என்று அக்கா என்னைக் கேட்டாள்.
ரெண்டும்தான் என்றேன்,
அவள் முடியைப் பார்த்துக்கொண்டே.

ஐப்பசி. காலை நாலே முக்கால்.
வண்டிப்பாளையத்து மாடி போர்ஷனில்
முந்தாநாள் துவைத்ததுகூடக் காயவில்லை.
கெடிலத்தில் தண்ணீர் ஏறியிருப்பதாகக்
கீழே பால்காரர் யாரிடமோ சொல்கிறார்.
ஜன்னல் கம்பியைத் தொட்ட விரலில் பிசுபிசுப்பு.
தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் இந்தக் காற்றில்
அப்பளமே தாக்குப்பிடிப்பதில்லை.

ஸ்ட்ரெயிட்னர் ஸ்டெல்லாவுடையது.
ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரவேண்டும்.
போன வருஷம் இஸ்திரிப்பெட்டியில் முயன்றோம்.
கட்டில் விளிம்பில் அவள் தலை சாய்க்க,
மேலே துண்டு விரித்து நான் தேய்க்க,
துண்டு மட்டும் மடிப்பில்லாமல் வந்தது.

முன்பக்கத்தை அவளே பார்த்துக்கொண்டாள்.
பின்னந்தலைக்குத்தான் நான்.
"அங்க எனக்குக் கண்ணு இல்லடி."

எனக்குக் கோரை முடி.
க்ளிப் வழுக்கும், பூ நழுவும்,
பின்னிய சடை பஸ் ஏறுவதற்குள் பிரியும்.
கோரை முடி குடியைக் கெடுக்கும்,
சுருட்டை முடி சோறு போடும் என்று
எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திச்
சொல்லாத உறவுக்காரர் கிடையாது.
இப்போது
சோறு போடுகிற முடியைச்
சோற்றுக்காகக்
கோரையாக்கிக்கொண்டிருக்கிறேன்
நூற்றெண்பது டிகிரியில்.

சரியாகக் காயாத ஓர் இழை ஸ்ஸென்று சீறியது.
அறை முழுக்கக் கோழி வாட்டுகிற வாசனை.
"எண்ணெய் வெச்சியா?"
"நேத்து இல்ல. அதுக்கு முந்தி நாள்."
"அலசினியா?"
பதில் இல்லை.

மேல்முடியைத் தூக்கிக் கவ்வி மாட்டினால்
அடியில், பிடரியை ஒட்டி,
வேறு மாதிரிச் சுருள்கள்.
சின்னச் சின்ன மோதிரங்கள்,
சுண்டுவிரல்கூட நுழையாது.
இருபத்தாறு வருஷம் ஒரே பாயில் படுத்தும்
நான் பார்த்ததில்லை.
நகைக்கடைக்குப் போகிறவளிடமிருந்து
ஒவ்வொன்றாக உருவினேன்.

ஐந்தாவதோ ஆறாவதோ, கை நடுங்கித்
தோலில் பட்டுவிட்டது.
அவள் கத்தவில்லை.
"மணி என்ன?" என்றாள்.
பற்பசையைத் தடவி ஊதினேன்.

முடித்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பினேன்.
என்னைப் போலவே இருந்தாள்.
நெற்றி ஏறி, முகம் நீண்டு,
கன்னம் இரண்டும் எங்கோ போய்.
"நல்லாருக்கா?"
நல்லாருக்கு என்றேன்.
எனக்கு என்னைப் பிடித்ததில்லை,
அவளிடத்தில் இன்னும் கொஞ்சம் பிடிக்கவில்லை.

தலையில் ஜவுளிக்கடைப் பை,
அதன்மேல் துப்பட்டா, அதன்மேல் குடை.
ஷேர் ஆட்டோவில் இவ்வளவையும் ஏற்றி
லாரன்ஸ் ரோட்டுக்கு அனுப்பினேன்.
தூறல் பக்கவாட்டில் அடித்தது.

ராத்திரி எட்டரைக்கு வந்தாள்.
வேலை கிடைத்துவிட்டது. பதினோராயிரம்.
அன்றைக்கே நிற்கச் சொல்லிவிட்டார்களாம்.
கழுத்தில் புது அடையாள அட்டை:
மங்கையர்க்கரசி என்பது கட்டத்துக்குள் அடங்காமல்
மங்கையர்க்க என்று நின்றிருந்தது.
மத்தியானம் எடுத்த படம்.
வலப்பக்கம் நேர்.
இடப்பக்கம் கிளம்பிவிட்டிருக்கிறது.
"மூஞ்சி கழுவினேன், அவ்வளவுதான்."
"முதலாளி ஒண்ணும் சொல்லலியா?"
"அவருக்கே விக்குடி. ஃபேனுக்கு அடியில
ஒரு கையை மேல வெச்சிட்டுதான் பேசறாரு."
சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது,
எனக்கா அவளுக்கா ஞாபகமில்லை.

விளக்கை அணைத்த பிறகு கேட்டேன்,
"நாளைக்கும் நாலே முக்காலா?"
சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிப்போயிருந்தாள்.
போனின் வெளிச்சத்தில் பார்த்தேன்.
பிடரியில் காயம், ஓர் அரிசி நீளம்.
அதைச் சுற்றி, நான் உருவியது அத்தனையும்.