லேட்

மண்டபம் வடகடல் பக்கம்
நண்டுக் கம்பெனியில் கணக்கும் கடிதமும் என் வேலை.
காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் வலைத்தொப்பி,
ஐஸ் அறைக் கதவோரம் கம்ப்யூட்டர்.
அந்தப் பக்கம் க்ரிம்ஸ்பி என்கிற ஊரில்
டெரக் என்று ஒருவர்.
முகம் பார்த்ததில்லை.

முதல் வாரம் மதியம் ரெண்டு மணிக்குப் போனில் சொன்னார்:
அட் தி எண்ட் ஆஃப் தி டே, விலைதான் எல்லாம்.
சரி, பொழுதுசாய விலை வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.
கடைசி பஸ் போனது.
கேட்டைப் பூட்ட வந்த சாத்தையா
ரெண்டு தடவை செருமினார்.
பிறகுதான் புரிந்தது,
அவர்கள் நாளுக்கு முடிவு
காலை டீக்கு முன்னாலும் வரும்.

ஒரு செகண்ட் என்பார்,
போன் பத்து நிமிஷம் மூச்சு மட்டும் விடும்.
பணம் இன் நோ டைம் வந்துவிடும் என்பார்.
நேரமே இல்லாத அந்த நேரம்
எங்கள் பாங்கில் பதினெட்டு நாள்.

நாங்கள் மட்டும் என்ன யோக்கியம்?
நாலு பாகத் தண்ணியில் நின்றுகொண்டு
'இந்தா வந்துட்டோம்' என்று செல்லில் சொல்கிற வத்தை
எங்களுடையதுதான்.
நாளைக்கு என்றால்
நாளைக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் டெரக் நேரத்தைச் செலவழிக்கிறார்.
மிச்சம் பிடிக்கிறார். விலைக்கு வாங்குகிறார்.
என்னிடம் கொஞ்சம் இருக்குமா என்று கேட்கிறார்.
சலிப்பாக இருந்தால் கொல்கிறார்.
இவ்வளவும் செய்துவிட்டு
கைவசம் இல்லை என்கிறார்.
எங்கள் நேரம் யார் மடியிலும் இல்லை,
அதுபாட்டுக்குப் போகும்.
நண்டுச் சதை எடுக்கிற நம்புசெல்வி
'நேரம் சரியில்லக்கா' என்றால்
யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஆடிக் கடைசியில் முப்பது பெட்டி பிந்தியது.
ஏன் லேட், என்று கேட்டார்.
படகு லேட், என்று எழுதினேன். உண்மை.
வலை இழுக்கையில் பூரணவேல்
மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தார்.
அதனால் அடுத்த வரியில் எழுதினேன்,
படகுக்காரரும் லேட்.
பள்ளிக்கூடத்து விண்ணப்பங்களில்
என் அப்பா பேருக்கு முன்னால்
அதைத்தானே எழுதினேன், ஆறாம் வகுப்பிலிருந்து.

ரெண்டு நிமிஷத்தில் பதில்.
கவலை வேண்டாம், பெட்டர் லேட் தேன் நெவர்.
பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி.

ஐஸ் அறை மோட்டார் நின்றது. திரும்ப ஓடியது.
'என்னக்கா?'
'ஒண்ணுமில்ல.'

டைட் என்று எழுதலாம்.
சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூர் போகிறபோது
வழியில் செத்ததைப் பட்டியலில் அப்படித்தான் போடுவோம்.
மனசு வரவில்லை.
எங்கள் சொல்லையே எடுத்து
அவர் பாஷையில் வைத்தேன்:
ஹி ஹாஸ் பிகம் டைம்.
அவர் காலமாகிவிட்டார்.

பத்து நிமிஷம். பதில் இல்லை.
ஒரு மணி நேரம்.
செலவழித்தாரா, கொன்றாரா, தெரியாது.
ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வந்தது:
மன்னிக்கவும். டேக் யுவர் டைம்.

எதை எடுத்துக்கொள்ள?

வெளியே நிலா வெளிச்சத்தில்
கடல் வற்றிக் கிடந்தது.
தரைதட்டிச் சாய்ந்த வத்தையில்
பூரணவேல் மகன் நண்டு கழற்றிக்கொண்டிருந்தான்.
மூணு நாளாக யாரும் தொடாத வலை. நாற்றம்.
'இதுக்கு வெல கெடைக்காதுல்ல?' என்றான்.
'கெடைக்காது.'
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
வெள்ளம் ஏற
இன்னும் செத்த நேரம் இருந்தது.