டோஹா வழியாக

உப்பு, தண்ணீர், காய்ச்சல், காசு,
கதவைப் பூட்டு, லைட்டை அணை:
இவ்வளவுக்கும் போதுமான சிங்களம் என்னிடம் இருக்கிறது.
அதற்கு மேல் ஒன்றென்றால்
ஜயதிஸ்ஸ வேண்டும்.

அவர் டோஹாவில், ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில்.
நெத்மி போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து
என்னைப் பற்றி என் முன்னாலேயே முறையிடுவாள்.
அவர் கேட்டு, இருமி,
தமிழாக்கித் தருவார்.
எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்திய நாடு அது.
போய்த் திரும்புவதற்குள்
கோபம் ஆடை படிந்த தேத்தண்ணி.

'அம்மா எண்ட சொல் ரெண்டு பாசையிலயும் ஒண்டுதானே'
என்றார்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்.
சொன்னார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள்.
அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான்
பத்தொன்பது வருசமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

அவள் பிறந்த வருசம்
பஸ்ஸில் வாய் திறக்காதே என்றார் ஜயதிஸ்ஸ.
திறக்கவில்லை.
மறுகா, கடையில்.
மறுகா, கிளினிக் வரிசையில்.
மறுகா, ஆரும் சொல்லாமலே,
தொட்டிலடியில்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன், பயம்.
பயம் போனபிறகு பார்த்தால்
பிள்ளைக்குப் பேச்சு வந்து முடிந்திருந்தது.

இப்போது அவளுக்குச் சம்மாந்துறையில் கம்பஸ்.
நானும் கூட வருவேன் என்றேன்.
அவள் போனிடம் நீளமாக என்னவோ சொன்னாள்.
நடுவில் ஒரு சொல் மட்டும்
கல்லில் பட்ட கத்தி மாதிரிக் கேட்டது:
லெஜ்ஜய்.
'தனியாப் போய்ப் பழக வேணுமாம்,
அவ்வளவுதான்' என்றார் ஜயதிஸ்ஸ.
மனுசன் நல்லவர். பொய் சொல்லத் தெரியாது.
கோளாவிலில், எங்கட ஊரில், அதை லெச்சை என்போம்.
அந்தச் சொல் டோஹாவுக்குப் போகத் தேவையில்லை.

ஆனாலும் போனேன்.
ஒரு பலாப்பழத்தையும் தூக்கிக்கொண்டு.

அம்பாறையிலிருந்து மல்வத்தை தாண்டும் வரை
நாங்கள் இரண்டு பயணிகள்.
தாண்டியதும் பஸ்ஸுக்குள் பேச்சு மாறியது.
நெல் விலை, மாப்பிள்ளை விலை, ஆரோ ஒருவரின் சர்க்கரை வருத்தம்,
எல்லாம் தமிழில், எல்லாம் உரத்து.
காதுக்குள் அடைத்திருந்த தண்ணீர்
சட்டென்று சூடாக வடிந்த மாதிரி.

கொண்டக்டர் வந்து
'என்ன கா, பழத்துக்கும் டிக்கட் போடவா?' என்றான்.
'கைப்புள்ளைக்கு ஆர் தம்பி டிக்கட் எடுக்கிற?
மடியிலதானே கிடக்கு.
அழுதா மட்டும் நீங்க ஒருக்காத் தூக்குங்க,
முள்ளு குத்தினா என்னட்டக் கேக்கப்படா.'

பஸ் சிரித்தது.
பின்சீட்டில் ஒரு காக்கா இருமி இருமிச் சிரித்தார்.
எல்லோரும் சிரித்து முடித்தபிறகு
நெத்மி சிரித்தாள், கொஞ்சமாய், பிந்தி.
மறுகா என்னைப் பார்த்தாள்:
இந்த மனுசி ஆர் என்பது போல.
இவ்வளவு வேகமாக, இவ்வளவு சத்தமாக,
பஸ் முழுக்க இவளைத் தெரிந்திருக்கிறது,
எனக்கு மட்டும் தெரியாதா என்பது போல.

பக்கத்துச் சீட்டுப் பிள்ளை குனிந்து
'உங்கட உம்மாவா?' என்று கேட்டது.
நெத்மி தலையாட்டினாள்.
கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.
அன்றைக்கு அவள் சொன்ன லெச்சை
ஆரைப் பற்றியது என்று
அப்போதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

'மொக்கத கிவ்வே?' என்றாள் மெல்ல. என்ன சொன்னாய்?

இருந்த சிங்களத்தையெல்லாம் திரட்டினேன்.
பலாப்பழம். கொஸ்.
கொஸ்... பபா வகே.
பபா... அண்டன்னே நே.
பகிடி செத்தே போயிற்று,
நானே அதைப் புதைத்தேன்.
அவள் வாயைப் பொத்திக்கொண்டு
குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்,
பகிடிக்கல்ல, என் இலக்கணத்துக்கு.
சிரித்தாள், அதுபோதும்.
'ஆயித்' என்றாள். திருப்பிச் சொல்லு.

விடியற்காலை வேலைக்குப் போகுமுன்
டோஹாவிலிருந்து போன் அடித்தது.
மடியில் பழம்.
எடுக்க முடியவில்லை.