வாய்த்துணி

வராச்சா சாலையில், மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
லவ்ஜிபாய் வைரம் பட்டை தீட்டியவர்,
இருபத்தாறு வருடம்.
பட்டறை மூடியதை வீட்டில் சொல்லவில்லை.
மனைவி கட்டித் தரும் டப்பாவோடு தினமும் கிளம்பி
தாபி ஆற்றுப் பாலத்தடியில் உட்கார்ந்துவிட்டு
ஆறரைக்கு வீடு திரும்புகிறார்.
ரொட்டி நாய்களுக்கு.

அவர் சொல்லி முடிக்கும் முன்னே
"புரிகிறது" என்றேன்.

புரியவில்லை.
எனக்கு அப்போது பால் பாக்கெட் நினைப்பு.
எத்தனை பேருக்கு இந்தச் சொல்லைச்
சில்லறைபோல எண்ணிப் போட்டிருக்கிறேன்!
அவருக்குத் தெரிந்துவிட்டது.
கல்லுக்குள் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண்.
மூன்று வாரம் வரவில்லை.

கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பையில்
சாமாயிகச் சாமான்கள் பிரிக்காமல் கிடந்தன:
கம்பளி விரிப்பு, மணற்கடிகை,
வாய்க்குமுன் பிடிக்கும் மடித்த வெள்ளைத்துணி.
பக்தி என்று சொல்ல மாட்டேன்.
நாற்பத்தெட்டு நிமிடம், சரியாக இரண்டு நாழிகை,
எதையும் திருத்தப் போகாமல்
உட்கார முடியுமா என்று பார்க்கத்தான்.

முதல்நாள் முழங்கால் மட்டுமே இருந்தது.
ஐந்தாம்நாள் ஒரு கொசு. ஓங்கிய கை இறங்கியது.
கொசு தன் வேலையை முடித்துக்கொண்டு போனது.
ஒன்பதாம்நாள்
மூச்சு துணியில் பட்டுத் திரும்பி
என் உதட்டுக்கே வந்தது, சூடாக.
காற்றிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்
என் வாய்ச்சூட்டில் சாகக்கூடாதென்று இந்தத் துணி.
எதிர் நாற்காலியில் இருந்ததோ
கண்ணுக்குத் தெரிகிற உயிர்.

நாலாவது வாரம் வந்தார்.
ஊரே ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கும் சம்வத்சரிக்கு
இன்னும் ஐந்து மாதம் இருந்தது.
ஆனாலும் கைகூப்பி
மிச்சாமி துக்கடம் என்றேன்.
"எதுக்கு, ஜிகிஷாபென்?"
"கேக்காமலே புரிஞ்சதுன்னு சொன்னதுக்கு."

சிரிக்கவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.
மேசைமேலிருந்த கடிகையை எடுத்து
ஒற்றைக் கண்ணைச் சுருக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.
"கண்ணாடியில குமிழி இருக்கு."
திருப்பி வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

என் வாய்க்குமுன் துணி இல்லை.
இருப்பதுபோல் இருந்தேன்.
நடுவில் ஒருமுறை நினைப்பு நழுவிப்
பால் பாக்கெட்டுக்குப் போனது;
திட்டாமல் கூட்டிவந்தேன்.
அவர் கட்டைவிரல் ரேகை முழுக்கத் தேய்ந்திருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

மணல் தீர்ந்தது. இருவரும் கவனிக்கவில்லை.
ரொம்ப நேரம் கழித்து
மடியிலிருந்த டப்பாவைத் திறந்தார்.
"பசிக்குது" என்றார், ஏதோ செய்தி சொல்வதுபோல.
ஒரு ரொட்டியை என் பக்கம் நீட்டியவர்
சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.
"உருளைக்கிழங்கு பட்டிருக்கு, நீங்க சாப்பிட மாட்டீங்க."
அடியிலிருந்த கறிபடாத ரொட்டியை
விரல்நுனியால் மெல்லப் பிரித்து
எடுக்கத் தொடங்கினார்.