நான்காமவன்

முட்டம் லைட்ஹவுஸ் தெரிகிற தூரத்தில்
கிளீட்டஸ் என்னைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டான்.
உண்மைதான்.
சட்டைக் காலரில் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல.
யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவேன்,
நன்றி கெட்டவன் என்று பெயர் வரக்கூடாது.

ஆனால் அந்த அலை.
முதல் வருடம் அது ஓட்டுவீட்டு உயரம்.
மறு வருடம் மாதா கெபி உயரம்.
இந்த வருடம் கொடியேற்றத்தன்று, மைக்கில்,
கோயில் மணிக்கூண்டைத் தொட்டுவிட்டது.
நான் அதற்குள்ளே கிடந்தவன்.
உள்ளேயிருந்து பார்த்தால் அலைக்கு உயரமே கிடையாது, பாத்துக்க,
உப்பு, மணல், இருட்டு,
மூக்குக்குள் மண்ணெண்ணெய்.

பஸ் ஸ்டாப்பில் அவனுக்கு ஃப்ளெக்ஸ்:
'கடலை வென்ற காளை.'
கடலில் காளைக்கு என்ன வேலை என்று
டெல்பினிடம் கேட்டேன்.
"வாய மூடும்.
நீரு இரிந்து கெழங்கு தின்னியது ஆராலயாம்?"
சாளைக்கறிச் சட்டியை என் பக்கம் நகர்த்தவில்லை.

வருடா வருடம் மேடையில் என்னையும் ஏற்றுகிறார்கள்.
மற்ற மூன்று பேரும் தப்பித்துவிட்டார்கள்.
ஒருவன் குவைத்தில்.
ஒருவன் மகளோடு மார்த்தாண்டத்தில், கடல் பக்கமே வருவதில்லை.
சூசையடிமை மஞ்சள் காமாலையில் போய்ச்சேர்ந்தான்,
அவனைக் காப்பாற்ற அன்று யாரும் குதிக்கவில்லை.
மீட்கப்பட்டவன் என்கிற உத்தியோகத்தில்
மிச்சம் நான் மட்டும்.
அவனுக்குப் பொன்னாடை.
எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் வளைந்தது.
பேசி முடித்ததும் என் தோளில் கை வைப்பான்.
போட்டோ.
பெரிய மீனைப் பிடித்தவன்
அதைத் தூக்கிக்கொண்டு நிற்பானே,
அப்படி.

அவன் அறுத்த என் வலையைப் பற்றிப் பேச்சில் வராது.
புது வலை. சொசைட்டிக் கடன்.
போன மாசம்தான் கடைசித் தவணை கட்டினேன்.
காலில் சுற்றிக் கிடந்தது, அறுக்காமல் முடியாது,
தெரியும்.
இருந்தாலும் முழங்கால் பக்கமாக அறுத்திருக்கலாம்.
நட்டநடுவில் அறுத்தான்.

இன்னொன்றும் வராது.
என்னை வள்ளத்தில் போட்ட பிறகு
அணியத்தில் குனிந்து வாந்தியெடுத்தான்.
பல் கிடுகிடுத்தது.
"அம்மோ, வய்யா, எனக்கு வய்யா" என்று
என் ஈர முதுகில் முகத்தை வைத்து அழுதான்.
அவ்வளவு குளிரில் கன்னம் மட்டும் சுட்டது.
மூத்திரமும் போயிருந்தது,
அவனுடையதா என்னுடையதா என்று
அந்தத் தண்ணீரில் யார் பிரிப்பது.
அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது.
கரை தட்டியதும் கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.
பிறகு நான் அவனைப் பார்க்கவேயில்லை.

நேற்று விழாக் கமிட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான்.
அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை வேண்டுமாம்,
காலர் கிழிந்தது,
கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க.
எஞ்சின் துடைக்கப் போட்டுவிட்டேன் மக்ளே, என்றேன்.

பொய்.
எங்கே இருக்கிறது என்று டெல்பினுக்குக்கூடத் தெரியாது.