ஐந்துக்குக் கீழே

டான்காஸ்டரிலிருந்து கிரிம்ஸ்பிக்கு முதல் வண்டி.
மடியில் கணினி, அதற்குள் ஒரு பள்ளி:
முந்நூற்று இருபது வரிசை, மூன்று வருடக் காலைகள்.
பார்னெட்பியில் சிக்னலுக்கு நின்றபோது
இன்னொரு முறை நிறம் பூசினேன்.
வருகை தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் பச்சை,
குறைந்தால் மஞ்சள், இன்னும் குறைந்தால்
மீன்சந்தைப் பனிக்கட்டியில் கசிகிற சிவப்பு.

மேம்பாட்டுத் திட்டம் எழுத
இரண்டு நாள் கூலிக்கு வந்தவன் நான்.
தலைமையாசிரியர் த்ரெல்ஃபால்
கோட்டைக் கழற்றாமலே கேட்டார்:
"எந்த மூணை முதல்ல சரிசெய்யணும்?
நாலாவதுக்குக் காசில்லை."

காட்டினேன்.
ஆறாம் வகுப்புக் கணக்கு.
திங்கட்கிழமைகள்.
வாசிப்பில் பின்தங்கும் பையன்கள்.
அவர் விரல் அதையெல்லாம் கடந்து
கடைசி வரியில் போய் நின்றது.
வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்:
எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம்.

"ஐந்துக்குக் குறைந்தால் மறைத்துவிடும்.
யாரென்று தெரியக்கூடாதில்லையா."
நல்ல விதிதான். நானே வைத்தது.

முந்நூற்று இருபதில் ஒன்றுக்கு
முந்திரி என்று பெயரிட்ட மொழி என்னுடையது.
இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை
சரியாக ஒரு முந்திரி.
நான்கு சேர்ந்தால் காணி.
கைவசம் பெயர் இருந்தும்
வானத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

தேநீர் கொண்டுவந்த அலுவலக லொரெய்ன்
கோப்பையை வைத்துவிட்டுப் போகவில்லை.
"நாலு பேர்தானே அது" என்றார் த்ரெல்ஃபால்.
"அஞ்சு" என்றாள்.

அந்த ஐந்தாவதின் பெயரை இங்கே எழுதமாட்டேன்.
அவள் பதிவில் ஒரு குறையும் இல்லை:
பதினோரு நாள் வரவில்லை,
பதினொன்றுக்கும் காரணம் காய்ச்சல்,
பதினொன்றுக்கும் எட்டரைக்குள் அம்மாவின் தொலைபேசி.
என் கருவி மெச்சிக்கூட இருந்தது,
குடும்பத் தொடர்பு: மிகச் சிறப்பு.

"அம்மா பேசுவாங்க, குரலைக் கனமாக்கிக்கிட்டு.
முடிக்கும்போது 'தாங்க்யூ மிஸ்'.
எந்த அம்மா என்னை மிஸ்ஸுன்னு கூப்பிடுவா?"

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
எத்தனை நாளாகத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம், வீட்டுக்குப் போய்வந்து,
அம்மாவின் சம்மதத்தோடு
ஒரு கட்டத்தில் டிக் வைத்தார்கள்.
புதுப்பித்தேன்.
நட்சத்திரம் உதிர்ந்து ஐந்து ஆனது.
பக்கத்தில் எண்பத்தொரு சதவீதம்,
சிவப்பு.
மறைவில் பத்திரமாக இருந்தவர்களை
வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து
திட்டுகிற நிறம்.

"மாத்தலாமா?"
"ஒரு சொடுக்குதான்."
"வேண்டாம், இருக்கட்டும்" என்று அவரே சொல்லி,
முதல் மூன்றில் இடம்வேண்டி
பையன்களின் வாசிப்பை அடித்தார்.
அடித்த கோட்டின்மேல் பேனா
இரண்டாம் முறையும் ஓடியது.
அந்தப் பையன்கள் அறுபத்திரண்டு பேர்.
நான் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது லொரெய்னிடம் கேட்டேன்,
திட்டத்தில் எந்தக் கட்டமும் கேட்காததை:
நாளைக்கு எட்டரைக்கு மறுபடி அந்தக் குரல் வந்தால்?

வருகையாளர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு,
நான் வெளியேறிய நேரத்தைக் குறித்தபடி சொன்னாள்:
"அவ பேரைச் சொல்லி
குட்மார்னிங் சொல்லுவேன்."