நூறு கிராம் பேராமுட்டி

கீழமாசி வீதி, எங்கள் நாட்டுமருந்துக் கடை.
மூன்றாவது தட்டு, வலது ஓரம், பேராமுட்டி.
கீழே சிற்றாமுட்டி, பக்கத்தில் சித்தரத்தை.
பத்தொன்பது வருடமாகக்
கண்ணை மூடினாலும் கை சரியாகப் போகும்.
தராசில் நூறு கிராம்,
பழைய ஆறாம் வகுப்பு வினாத்தாளில் பொட்டலம்,
"நல்லெண்ணெயில காய்ச்சி மூட்டுல தேய்ங்க"
என்று ஒரு வாக்கியம் இலவசம்.

அது பூக்குமா என்று யாரும் கேட்டதில்லை.
எனக்கும் தோன்றியதில்லை.

ஆடியில் வந்த சாக்கில்
ஒரே ஒரு வேர் தண்டோடு வந்துவிட்டது.
தண்டில் சுருண்ட இலை, இலையெல்லாம் பிசுக்கு,
இலைக்கடியில் ஒளிந்து ஒரு காய்.
நகம் பட்டதும் ஐந்து கூறாக உடைந்தது,
பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட மாதிரி.
வேரை முகர்ந்தேன்.
பெருங்காயம் நிறுத்தேன், மிளகு அளந்தேன்,
விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தும் பார்த்தேன்.
ராத்திரி சோறு பிசையும்போதும்
விரலில் அந்த வாசம்.

மறுநாள் சாக்கில் மிச்சமிருந்ததை முகர்ந்தேன்.
மண்.
மண்.
மண்.
"எல்லாம் ஒரே சாதிதாம்ப்பா, எடையப் பாரு"
என்றார் முதலாளி, கல்லாவை விட்டு எழாமல்.

வேர் போடுகிற அடைக்கியைத் தேடி
ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன்.
வல்லாளப்பட்டி தாண்டி, கல் அறுத்துக் கைவிட்ட குழி,
அதில் யாரும் குடிக்காத பச்சைத் தண்ணீர்.
அவள் ஒளிக்கவில்லை.
"நெசப் பேராமுட்டி தேடுனா ஒரு நாளைக்கு ஒண்ணு.
நீங்க குடுக்குற காசுக்குக் காட்டுத்துத்தி வேருதான் வரும்.
அந்த ஒண்ணு எப்படியோ தப்பி ஏறிருச்சு."
தப்பி என்றாள்.

குழியின் மேற்கு விளிம்பு,
ஆடு கால் வைக்கப் பயப்படும் பாறை வெடிப்பு.
இடுப்பளவுகூட இல்லை.
நாலு பூ.
செம்பருத்தி வீட்டில் பிறந்து
யாரும் சொல்லாமலே ஒதுங்கிக்கொண்ட கடைக்குட்டி:
வெளுத்த ரோஸ், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு,
நடுவே எல்லா மகரந்தமும் ஒட்டி ஒரே தண்டாக,
அடியில் புல்லியைச் சுற்றி
மீசைமயிர் மாதிரி பச்சை இழைகள்.
எண்ணத் தொடங்கினேன்.
எட்டு, ஒன்பது,
காற்று வந்து கலைத்துவிட்டது.

அடைக்கி கையில் கடப்பாரை.
"வேண்டாம்" என்றேன்.
"நானா? தோண்டுனா உங்க கடைக்குத்தான தோண்டுவேன்"
என்று சிரித்தாள்.
பதில் இல்லை. கையை வேட்டியில் துடைத்தேன்,
துடைத்த இடத்திலும் அது மணத்தது.

எத்தனை முழங்கால்களுக்கு
எதை வேரென்று கட்டிக் கொடுத்தேன்?
சிலருக்குக் குணமானது வேறு.
திரும்ப வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை, கடை திறந்து
சாம்பிராணி போட்ட கையோடு ஒருவர்.
விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்பவர்.
"பேராமுட்டி இருக்கா?"

"இருக்கு" என்றேன்.
சொன்னது பொய்யில்லை.
கை மூன்றாவது தட்டுக்குப் போகவில்லை.
முதலாளி நிமிர்ந்து பார்க்கிறார்.
அவர் மஞ்சள் பையை விரித்துப் பிடித்தபடி
நின்றுகொண்டே இருக்கிறார்.